பொபடில்லாவுக்கு உடம்பு சரியில்லை

வெள்ளி இரவு, நாகர்கோவில்

அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. பாளையங்கோட்டை வீட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூரில் மகன் வீட்டோடு போய் இருப்பதா, வேண்டாமா என்று மாமா போனதிலிருந்து ஒரே யோசனை. "கர்த்தர் ஒரு அடையாளம் காட்டாம நான் அசைய மாட்டேன்லே" என்கிறார். ஆசிரியப் பயிற்சியில் அத்தையோடு ஒன்றாகப் படித்த சிநேகிதி ஒருவர் எல்லைக்கு அந்தப்பக்கம் பாறசாலையில் இருக்கிறார். அவரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். எனக்கும் இந்தப் பக்கமெல்லாம் இறங்கி இறங்கிப் பார்க்க நெடுநாள் ஆசை. தினமும் இரவில் எழுதிப் போடுகிறேன்.

வந்ததும் முதலில் கோட்டாறு சவேரியார் கோயில். நாங்கள் சி.எஸ்.ஐ. ஆட்கள், புராட்டஸ்டண்டு. ஆனாலும் அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், "சவேரியாரு நமக்கும் தூரத்துச் சொந்தம்தான்" என்று உட்கார்ந்துகொண்டார். டிசம்பர் 3 அவருடைய திருநாள். இந்த மாவட்டத்துக்கே அன்று விடுமுறை விடுவார்கள். 1544-இல் இந்தக் கடற்கரையில் ஊர் ஊராக நடந்து ஆயிரக்கணக்கான முக்குவ மீனவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த மனிதர்.

அவர் இங்கே வந்த கதையை அத்தைக்குச் சொன்னேன். போர்த்துகல் ராஜா இந்தியாவுக்குக் குருக்கள் வேண்டும் என்று கேட்டபோது இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் குறித்துவைத்த பெயர்கள் ரோட்ரிகஸ், பொபடில்லா. சவேரியார் அந்தப் பட்டியலிலேயே இல்லை. புறப்படுகிற நேரத்தில் பொபடில்லாவுக்கு உடம்பு சரியில்லாமல் போக, பக்கத்திலிருந்த சவேரியாரைக் கூப்பிட்டு நீ போ என்றார் இஞ்ஞாசியார். ரோட்ரிகஸை லிஸ்பனிலேயே ராஜா நிறுத்திக்கொண்டார். ஆக, முதலில் குறித்த இருவருமே வரவில்லை. மாற்றாளாக வந்தவர் பெயரைத்தான் கோட்டாற்றில் பாதிப் பேர் சேவியர் என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அத்தைக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. "பாத்தியா? ஒரு ஆளு படுத்துக்கிட்டதுல எத்தனை ஆத்துமா!"

நான் சும்மா இருந்திருக்கலாம். "பொபடில்லா எழுந்துட்டாரு அத்தை. 1590 வரைக்கும் உயிரோட இருந்தாரு. சவேரியாரு 1552-லேயே சீனா போற வழியில ஒரு தீவுல இறந்துபோனாரு. அப்ப பொபடில்லாவுக்கு அந்த வியாதியில என்ன நோக்கம்?"

"அது அவருக்கும் கர்த்தருக்கும் உள்ள சங்கதி. ஒனக்கென்னலே?"

சனி இரவு, அதே விடுதி

மயிலாடியில் இறங்கும்போதே உளிச்சத்தம் காதில் விழுகிறது. சிலை செதுக்கும் ஊர். சாலையோரம் பாதி முகம் வந்த விநாயகர்களும் முகமே வராத அம்மன்களும் வெயிலில் நிற்கிறார்கள். தென்திருவிதாங்கூரின் சீர்திருத்தச் சபைக்குத் தாய்வீடும் இதே ஊர்தான்.

இந்த ஊர் மகாராசன், சாம்பவர் சமுதாயத்தைச் சேர்ந்தவர், சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். போன இடத்தில் மனம் ஆறவில்லை. கனவு ஒன்று கண்டதாகவும் சொல்வார்கள். திரும்பி வரும் வழியில் தஞ்சாவூரில் உறவினர் வீட்டில் தங்கினார். அந்த வீட்டார் கிறிஸ்தவர்கள். கோயிலுக்குப் போகிறவர்களோடு அவரும் போனார், கேட்டார், கடைசியில் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். ஊருக்கு வந்து தன் ஜனத்துக்குச் சொன்னார். எங்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

லண்டன் மிஷனிலிருந்து வந்த ரிங்கல்தௌபே அப்போது தரங்கம்பாடியில் தமிழ் படித்துக்கொண்டிருந்தார். கூட வந்தவர்கள் இருவர் தெலுங்கு நாட்டுக்கு, விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார்கள். இவர் 1806-இல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இங்கே வந்தார். திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி வெள்ளைக்காரரை எதிர்த்துச் செய்த கலகம் வேறு குறுக்கே வந்தது; 1809-இல்தான் மயிலாடியில் கோயில் எழும்பியது. 1816-இல் உடல் தளர்ந்து ஊரைவிட்டுப் போனவர் எங்கே, எப்படிச் செத்தார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. இந்த மாவட்டத்தில் அவர் பெயர் தெரியாத சபையில்லை. கல்லறைதான் இல்லை.

அந்த உறவினர் வீட்டை நினைத்துப் பார்க்கிறேன். ராத்தங்க வந்த ஆளுக்குச் சோறு போட்டார்கள், பாய் விரித்தார்கள், காலையில் கோயிலுக்கு வாரியா என்று கேட்டிருப்பார்கள். தாங்கள் ஏதோ தேவ திட்டத்தில் பங்கெடுப்பதாக அவர்கள் எண்ணியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. சொந்தக்காரர் வந்தால் செய்வதைச் செய்தார்கள், அவ்வளவுதான்.

மதியம் சாப்பிடப் போன கடையில் வசனக் காலண்டர் தொங்கியது. இன்றைய தேதிக்கு: "நீ உன் தேசத்தையும், உன் இனத்தையும், உன் தகப்பனுடைய வீட்டையும் விட்டு, நான் உனக்குக் காண்பிக்கும் தேசத்துக்குப் போ." அத்தை சாம்பாரில் விட்ட கையை எடுக்கவில்லை. "லே, பாத்தியா? கோயம்புத்தூரு." ராத்திரி முழுக்க இதே பேச்சு. மகனுக்கு இன்னும் போன் போடவில்லை, அதுவரை நல்லது.

ஞாயிறு இரவு, தக்கலை

காலை ஆராதனை. பிரசங்கம் நீளம், வேறொன்றும் சொல்வதற்கில்லை.

ஆனால் வெளியே வருகையில் சபை அலுவலகச் சுவரில் வேறொரு காலண்டர். "கர்த்தரை நம்பி நன்மைசெய், தேசத்தில் குடியிருந்து சத்தியத்தை மேய்ந்துகொள்." நேற்று போ என்றது, இன்று குடியிரு என்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை. அத்தையே, "அச்சடிக்கிறவன் எதையாவது போடுவான்" என்று விடுவிடுவென்று நடந்தார். பைபிளில் கிதியோன் தேவனிடம் அடையாளம் கேட்டு, ஒருநாள் தோல் நனைய வேண்டும் என்றான், மறுநாள் தோல் காய வேண்டும் என்றான். அவன் கேட்ட பிறகுதான் நடந்தது. இங்கே கேட்காமலேயே இரண்டும் நடந்துவிட்டது.

பிற்பகல் புலியூர்க்குறிச்சி. உதயகிரிக் கோட்டைக்குள் இப்போது வனத்துறையின் பூங்கா. குடும்பம் குடும்பமாக மான் பார்க்க வருகிறார்கள். நாங்கள் போனது கூரையில்லாத பழைய சிற்றாலயத்துக்கு. அங்கேதான் டிலனாய் கல்லறை; லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறது.

1741 ஆகஸ்ட் 10, குளச்சல் கடற்கரையில் டச்சுக் கம்பெனிப் படை திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது. பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். சிறையிலிருந்து எழுந்து அதே ராஜாவின் படைக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்து, கோட்டை கட்டி, வலிய கப்பித்தான் என்று பேர் வாங்கி, 1777-இல் இங்கேயே மண்ணுக்குள் போனார். இந்தக் கோட்டை வேலையின்போதுதான் நட்டாலத்து நீலகண்டபிள்ளை அவருக்குப் பழக்கமானது. பிள்ளைக்கு அப்போது கெட்ட காலம். மாடு சாகிறது, விளைச்சல் போகிறது. என்ன பாவம் செய்தேன் என்று உடைந்து கிடந்தவரிடம், பைபிளில் எல்லாவற்றையும் இழந்து நிற்கும் யோபுவின் கதையை டிலனாய் சொன்னார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், தேவசகாயம் என்று பேர். 1752 ஜனவரி 14, ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாற்றில் அவர் கல்லறை முன்னாலும் அத்தை நின்றார், எழுத விட்டுவிட்டேன். 2022 மே 15-இல் ரோமாபுரியில் புனிதர் பட்டம்.

சங்கிலியாகக் கோத்துப் பார்த்தால் பிரமாதமாகத்தான் இருக்கிறது. டச்சுக்காரன் தோற்காவிட்டால் டிலனாய் இல்லை, டிலனாய் இல்லாவிட்டால் தேவசகாயம் இல்லை. ஆனால் டிலனாய் அந்த மனிதரிடம் எந்தக் கதையைச் சொன்னார் என்று பாருங்கள். யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் முதல் ஏழு நாளும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நல்ல நண்பர்கள். பிறகு வாய் திறந்து, உன் ஆடுமாடு போனதற்கும் பிள்ளைகள் செத்ததற்கும் காரணம் இதுதான் என்று அதிகாரம் அதிகாரமாக விளக்குகிறார்கள். கடைசியில் தேவன் அவர்களைப் பார்த்துச் சொல்வது, என்னைக்குறித்து நீங்கள் சரியாகப் பேசவில்லை என்பதுதான். யோபுவுக்காவது காரணம் சொன்னாரா என்றால் அதுவும் இல்லை. பிகெமோத், லிவியாதான் என்ற பெரிய மிருகங்களைக் காட்டினார்.

மாடு செத்த நீலகண்டனிடம், உன் மாடு செத்தது நீ ஞானஸ்நானம் பெறுவதற்காக என்று டிலனாய் சொல்லியிருந்தால், பிள்ளை எழுந்து போயிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

பக்கத்திலேயே முட்டிடிச்சான்பாறை. கைதியாக இழுத்துக்கொண்டு போகையில் தேவசகாயம் தாகத்தில் முழங்கையால் இடித்து நீர் வந்ததாக நம்பிக்கை. அத்தை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டார்.

திங்கள் இரவு, தக்கலை

குளச்சல். வெற்றித்தூணைப் பார்த்தோம், கருவாட்டு வாடையில் கொஞ்சம் நடந்தோம். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். இந்த ஊரில் கடலுக்கும் வீடுகளுக்கும் பக்கத்தில் ஓடும் ஏ.வி.எம். கால்வாய்க்குள் சிக்கி மாண்டவர்கள் ஏராளம். அலையிலிருந்து தப்பி ஓடியவர்களைக் கால்வாய் மறித்துக்கொண்டது.

அந்த வாரம் எங்கள் பக்கம் கேட்ட சாட்சிகள் எனக்கு நினைவிருக்கின்றன. பூசைக்குப் போனதால் பிழைத்தோம், ஆராதனைக்குப் போனதால் பிழைத்தோம். பிழைத்தவர் தன் உயிருக்கு நன்றி சொல்வதை யாரும் குறை சொல்ல முடியாது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஒரு மேடையில், ஓய்வுநாளை ஆசரிக்காததால் என்று ஆரம்பித்தார் ஒருவர். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றி இயேசுவிடம் பேச்சு வந்தபோது, எருசலேமில் உள்ள மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகளென்று நினைக்கிறீர்களா, அப்படியல்ல என்று அவர் முடித்துவிட்டார். அதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

திங்கள்சந்தை வழியாக நெய்யூர். மருத்துவ மிஷன் 1838-இல் தொடங்கிய ஊர். நான் போனது சாமர்வெல்லுக்காக.

ஹோவர்ட் சாமர்வெல் அறுவை மருத்துவர். முதல் உலகப்போரில் காயம்பட்டவர்களை அறுத்துத் தைத்துக் கை பழகியவர். 1922-இல் எவரெஸ்ட் ஏற வந்த ஆங்கிலேயக் குழுவில் ஒருவர். ஜூன் 7-ஆம் தேதி பனிச்சரிவில் சுமைதூக்கி வந்த ஏழு பேர் செத்தார்கள். வெள்ளைக்காரர் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்களில் ஒருவனாவது அவர்களோடு போயிருக்கக்கூடாதா என்ற பொருளில் சாமர்வெல் பின்னால் எழுதிவைத்திருக்கிறார்.

மலையிலிருந்து இறங்கியவர் ஊர் திரும்புமுன் இந்தியாவைச் சுற்றிப் பார்த்துவிடலாம் என்று தெற்கே வந்தார். நெய்யூர் ஆஸ்பத்திரியில் எட்டிப் பார்த்தார். ஒரே ஒரு அறுவை மருத்துவர், களைத்துப்போய். வெளியே முடியாத வரிசை. லண்டனில் காத்திருந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். 1924-இல் மறுபடி எவரெஸ்ட் போனார். இறங்கும்போது தொண்டைக்குள் சவ்வு கழன்று அடைத்து மூச்சு நின்று, சாகப்போகிறோம் என்று பனியில் உட்கார்ந்துவிட்டார். கடைசியாக நெஞ்சில் கைகளால் ஓங்கி அழுத்த, அடைப்பு ரத்தத்தோடு வெளியே வந்தது. எழுந்து நெய்யூருக்குத் திரும்பினார். இருபது வருஷத்துக்கும் மேல் இங்கே, பிறகு வேலூர் மருத்துவக் கல்லூரியில்.

"கர்த்தர் நெய்யூருக்குன்னு எடுத்து வச்ச ஆளு" என்றார் அத்தை. சரி, நானும் ஆமென் சொல்கிறேன். ஆனால் அந்த ஏழு பேர்? அவர்களுக்கும் வீடு இருந்தது, பெண்டாட்டி பிள்ளைகள் இருந்திருப்பார்கள். நெய்யூருக்கு டாக்டர் அனுப்ப ஏழு வீட்டில் விளக்கை அணைத்தார் என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் சாமர்வெல்லே கோபப்படுவார். பனிச்சரிவு எதற்காக என்று அவர் எங்கும் விளக்கவில்லை என்பதுதான் எனக்கு அவர்மேல் உள்ள மரியாதை. அவரைப் பற்றி நிச்சயமாகச் சொல்ல முடிவது இதுதான்: வரிசையைப் பார்த்தார், பார்த்துவிட்டு விலகிப் போகவில்லை. நல்ல சமாரியன் கதையில் எரிகோ போகும் வழியில் முதலில் வருகிற ஆசாரியனும் தற்செயலாய்த்தான் வந்தான் என்று லூக்கா எழுதுகிறார். அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டான். பக்கமாய் விலகிப்போனான். அவனுக்கும் அந்த இடமும் நேரமும் அமைந்துதான் இருந்தன.

இதை அத்தையிடம் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒங்க மாமா அடக்கத்துல ஒருத்தி வந்து, கர்த்தர் நல்ல பூவாப் பாத்துத்தான் பறிப்பாருன்னு சொன்னா. அப்ப ஒந்தோட்டத்துல பூவே இல்லியாட்டின்னு கேட்டுட்டேன். அதுலருந்து எங்கிட்ட பேசமாட்டா" என்றார். எனக்கு இது தெரியாது. மகனிடமும் சொல்லவில்லையாம்.

செவ்வாய் இரவு, தூத்தூர்ப் பக்கம்

தூத்தூர், வள்ளவிளை, நீரோடி என்று வரிசையாகக் கடல் ஊர்கள். நீரோடி தாண்டினால் பொழியூர், கேரளம். ஆனால் தமிழ்நாட்டுக்குள் இருக்கும் இந்த ஊர்க் கோயில்களுக்கு ஆயர் திருவனந்தபுரத்து லத்தீன் பேராயர். 1956-இல் மாநில எல்லைக்குக் கோடு போட்டவர்கள் மறைமாவட்டத்தைத் தொடவில்லை. பேச்சிலும் கோடு தெரியவில்லை.

ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிக்கிறவர்கள் இவர்கள். 2017 நவம்பர் 30 ஒக்கி புயலில் இங்கே வெறுமையாகாத தெரு அபூர்வம். தேட ஆள் அனுப்புங்கள் என்று குழித்துறை ரயில் நிலையத்தில் பெண்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்களே, இந்த ஊர்க்காரர்கள்தான்.

டீக்கடைத் திண்ணையில் வலை சீர்பார்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் அத்தை பேச்சுக் கொடுத்தார். அந்த முறை கடலுக்குப் போக வேண்டியவர் அவரும். தங்கச்சி பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று கரையில் நின்றுவிட்டார். படகு போயிற்று, திரும்பி வரவில்லை. இவருக்குப் பதிலாக ஏறியவன் கூட்டாளி.

அத்தை தன் வழக்கப்படி, "கர்த்தர் ஒங்களக் காப்பாத்தியிருக்காரு" என்றார்.

அவர் ஊசியை நிறுத்தவில்லை. "செபக்கூட்டத்துல சாட்சி சொல்லச் சொன்னாவ அம்மா. நான் எழும்பல்ல. முன்னால அவனுக்க பெண்டாட்டி இருக்கா. நான் எழும்பி, என்ன ஆண்டவரு காப்பாத்துனாருன்னு சொன்னா, அவளுக்க காதுல அது எப்பிடி விழும்?"

அத்தை ஒன்றும் சொல்லவில்லை.

"எதுக்கு என்ன விட்டுவச்சாருன்னு கேட்டா எனக்குத் தெரியாது. அவனுக்க மூத்தவளுக்கு ஜூன் மாசம் ஃபீஸ் கெட்டணும். அது தெரியும்."

பஸ்ஸில் ஏறிய பிறகும் அத்தை வாய் திறக்கவில்லை. எப்போதும் ஜன்னலோரம் கேட்கிறவர் நடுவில் உட்கார்ந்துகொண்டார். எனக்கும் இதில் சேர்க்க ஒன்றுமில்லை. ஞானஸ்நானத் தேதி தற்செயல், கூட்டாளி ஏறியது தற்செயல். அவற்றை வைத்து அந்த மனிதர் கடவுளைப் பற்றி ஒரு முடிவுக்கும் வரவில்லை. ஒரு பொறுப்புக்கு வந்திருக்கிறார்.

புதன் இரவு, பாறசாலை

களியக்காவிளை தாண்டியதும் பெயர்ப்பலகை எழுத்து மாறுகிறது. தேங்காயெண்ணெய் வாசனை ஏற்கெனவே மார்த்தாண்டத்திலேயே தொடங்கிவிட்டது.

சிநேகிதி வீட்டில் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும். அந்த அம்மா வீட்டில் தமிழ், வாசலில் மலையாளம், சபையில் இரண்டும். இரண்டு பேரும் பழைய ஹாஸ்டல் கதை பேசி முடித்த பிறகு அத்தை தன் கேள்வியை வைத்தார். காலண்டர் வசனங்கள் இரண்டையும் சொன்னார். நல்லவேளை, சிரித்துக்கொண்டே சொன்னார்.

சிநேகிதி கேட்டது: "அங்க உனக்குத் தனி முறி உண்டா? குளிமுறி கீழயா மேலயா? உனக்க மருமவ என்ன சொல்லுதா?"

அத்தைக்குத் தெரியவில்லை. மகனிடம் இதையெல்லாம் கேட்கவே இல்லையாம். சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும் என்கிறது நீதிமொழிகள். இங்கே சீட்டு எழுதவே இல்லை. அங்கேயே உட்கார்ந்து போன் போட்டார். மகன் எடுத்தான். "நீ இருக்கட்டும். அவகிட்ட குடு போனை."

முக்கால் மணி நேரம் பேசினார்கள். நானும் சிநேகிதியும் திண்ணைக்கு வந்துவிட்டோம். நடுவில் அத்தை ஒருதடவை அழுத மாதிரி இருந்தது, ஒருதடவை மருமகளை அதட்டினார், பிறகு ரசப்பொடி அளவு சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே வந்து சொன்னது: அறை கீழேதான், தமிழ் ஆராதனை நடக்கிற சபை நடந்து போகிற தூரம். முதலில் மூன்று மாதம் போய் இருந்து பார்ப்பது. வீட்டை இப்போதைக்கு விற்பதில்லை.

"அப்ப அடையாளம் அத்தை?"

"மூணு மாசத்துல காட்டட்டும். அவருக்கென்ன அவசரம்."

ஆகவே பாளையங்கோட்டையில் வாடகை வீடு தேடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள். இரண்டு படுக்கையறை, கிணற்றில் வற்றாத தண்ணீர், பின்னால் ஒரு முருங்கை. முருங்கைக்காயில் பாதி அத்தைக்கு வர வேண்டும் என்பது நிபந்தனை. நாய் கூடாது.